நிற்காத பெடல்

உங்கள் வீட்டுச் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். பெடலைக் கையால் வேகமாக நான்கு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பெடல் நின்றுவிடுகிறது; பின்சக்கரமோ 'டிக் டிக்' என்ற ஓசையுடன் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த ஓசை ஃப்ரீவீலுக்குள்ளிருந்து வருகிறது. அதனுள்ளே சின்னஞ்சிறு உலோக நாக்குகள் உண்டு. பெடலை மிதிக்கும்போது அவை உட்பற்களில் மாட்டிக்கொண்டு சக்கரத்தை இழுக்கின்றன. மிதிப்பதை நிறுத்தினால் பற்களின்மேல் வழுக்கித் தட்டிக்கொண்டே போகின்றன.

இப்போது இந்த ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சக்கரத்தோடு அசையாமல் பிணைந்த ஒரு பற்சக்கரத்தைப் பொருத்தியதாக வைத்துக்கொள்வோம். இனிச் சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே தீரவேண்டும். பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் வண்டியின் வேகம் குறையும். நின்றபின் மேலும் பின்னோக்கி மிதித்தால் வண்டி பின்னாலேயே போகும். இதை நிலைப்பல் சைக்கிள் என்று அழைப்போம். வேடிக்கையான புதுமை என்று எண்ணிவிடாதீர்கள். 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட 'ரோவர்' சைக்கிள்தான் இன்றைய சைக்கிளின் முன்னோடி. அதில் ஃப்ரீவீல் கிடையாது. ஃப்ரீவீல் பரவியதெல்லாம் அந்த நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில்தான். நீங்கள் மூன்று வயதில் ஓட்டிய மூன்று சக்கர வண்டியும் நிலைப்பல் வண்டியே. சர்க்கஸில் பின்னோக்கி ஓட்டப்படும் சைக்கிளும் அவ்வாறே. 2010 காமன்வெல்த் போட்டிக்காகத் தில்லியில் மரப்பலகையால் 250 மீட்டர் ஓடுதளம் ஒன்று அமைத்தார்கள். அத்தகைய தளங்களில் ஓடும் பந்தய வண்டிகள் எல்லாம் நிலைப்பல் உடையவை, பிரேக் அற்றவை. 2019-இல் ஜெர்மனியில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் இந்தியாவின் எசோ ஆல்பன், ரொனால்டோ சிங், ரோஜித் சிங் மூவரும் குழு விரைவோட்டத்தில் தங்கம் வென்றது இத்தகைய வண்டிகளில்தான்.

அந்தப் பந்தயத்தின் படம் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் கல்லூரியில் இயற்பியல் முதலாண்டு படிக்கும் மாணவன் ஒருவன் இவ்வேலையில் இறங்கினான். கழுகுமலைக்காரன். அவனுடைய தாத்தா, தண்ணீர்ப் பஞ்சமான காலங்களில் கேரியரின் இருபக்கமும் நான்கு குடம் கட்டித் தண்ணீர் சுமந்த பழைய சைக்கிள் வீட்டுக் கொல்லையில் கிடந்தது. அதைப் பிரித்தான். ஃப்ரீவீலைக் கழற்றி வெல்டிங் பட்டறையில் கொடுத்து, உள்வளையமும் வெளிவளையமும் ஒட்டிப்போகும்படி பற்றவைத்துத் திரும்பவும் மாட்டினான். படத்தில் இருந்த வண்டிக்குப் பிரேக் இல்லை. ஆகவே இவனும் பிரேக்கைக் கழற்றிவிட்டான். மூன்று நாள் வண்டி அருமையாக ஓடியது. நான்காம் நாள் கண்மாய்க்கரைச் சரிவில் இறங்கும்போது எதிரே ஓர் ஆட்டுமந்தை. பெடலைப் பின்னோக்கி முழுப் பலத்துடன் அழுத்தினான். 'கடக்' என்று ஒரு சத்தம். பெடல் வெறுமையாகப் பின்னால் சுற்றியது. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவனுக்கு முழங்காலிலும் புருவத்திலுமாக ஒன்பது தையல்.

கட்டுடன் வந்து நின்றவன் கேட்ட முதல் கேள்வி இது: "சார், வெல்டிங் நல்லாத்தான இருக்கு, பிறகு எதுக்குக் கழண்டுச்சு?"

"வெல்டிங் கழறலப்பா, மரை கழண்டிருக்கு" என்றேன்.

இக்கட்டுரையின் பாதி விஷயம் இந்தப் பதிலுக்குள் அடங்கியிருக்கிறது. கழுகுமலையில் வெட்டுவான் கோயிலைச் செதுக்கிய சிற்பிகள் உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கினார்கள் என்பதை அறிவீர்கள். எங்கே தொடங்குவது என்பது அவர்களுக்கு உயிர்நிலையான கேள்வியாக இருந்தது. நமக்கும் அப்படியே. சீட்டிலும் ஹேண்டில்பாரிலும் தொடங்குகிறவர்கள் பெயிண்ட்டில் முடிப்பார்கள். நாம் பின்சக்கரத்தின் நடுக்குடத்தில் தொடங்குவோம். கடையில் ஹப் என்பார்கள்; மாட்டுவண்டிச் சக்கரத்தில் இதற்குப் பெயர் குடம்.

வலமரையும் இடமரையும்

ஹப்பின் வலப்பக்கம் ஒரு மரை இருக்கும். ஃப்ரீவீல் அதன்மேல் திருகி நிற்கிறது. இது நாம் அன்றாடம் காணும் வலமரை. வலமாகத் திருகினால் இறுகும், இடமாகத் திருகினால் கழலும். வண்டியை வலப்பக்கமிருந்து பாருங்கள். முன்னோக்கிப் போகும்போது சக்கரம் வலமாகச் சுற்றுகிறது. செயினும் பற்சக்கரத்தை வலமாகவே இழுக்கிறது. ஆகவே ஒவ்வொரு மிதியிலும் பற்சக்கரம் மேலும் இறுகுகிறது. யாரும் ஸ்பேனர் கொண்டு இறுக்காமலே அது உறுதியாக நிற்பதன் காரணம் இதுவே.

பின்னோக்கி அழுத்தும்போது என்ன நேரும்? திருப்புவிசை இடமாகத் திரும்பிவிடுகிறது. சாதாரணச் சைக்கிளில் அந்த வேளையில் ஃப்ரீவீலின் நாக்குகள் வழுக்கிவிடுவதால் மரைக்கு எந்தத் தொல்லையும் இல்லை. வெல்டிங் வைத்த ஃப்ரீவீலில் நாக்கு வழுக்காது, மரைதான் கழலும்.

"அப்படியானால் முதல் நாளே கழன்றிருக்க வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிராங்கின் நீளம் 17 செ.மீ. முன்சக்கரத்தட்டில் 44 பற்கள், பின்னால் 18 பற்கள். 50 கிலோ எடையுள்ள மாணவன் எழுந்து நின்று மிதித்தால் பெடலில் 490 நியூட்டன் விசை. கிராங்கில் திருப்புத்திறன் 490 × 0.17 = 83 நியூட்டன் மீட்டர். பின் பற்சக்கரத்தில் அது 83 × 18/44, அதாவது சுமார் 34 நியூட்டன் மீட்டர். மரை இந்த அளவுக்கு இறுகியிருக்கிறது. சமதரையில் வேகத்தைச் சற்றே குறைக்கப் பின்னோக்கிக் கொடுக்கும் விசை 150 அல்லது 200 நியூட்டன்தான். பற்சக்கரத்தில் 14 நியூட்டன் மீட்டருக்குமேல் வராது. 34-இல் இறுகியதை 14 கழற்றுமா? கழற்றாது. மூன்று நாளும் வண்டி ஓடியது இதனால்தான். ஆபத்து நேரத்திலோ முழு எடையையும் பின்னோக்கிப் போடுகிறோம். இறுக்கிய அளவுக்கே கழற்றும் திருப்புத்திறனும் வந்துவிடுகிறது. இறுகிய மரையைக் கழற்ற, இறுக்கியதைவிடச் சற்றுக் குறைந்த திருப்புத்திறனே போதும் என்பதை ஒரு போல்ட்டை வைத்து நீங்களே சோதிக்கலாம். ஆகவே இந்த அமைப்பு தேவையில்லாதபோதெல்லாம் உழைத்துவிட்டுத் தேவைப்படும் அந்த ஒரு விநாடியில் கைவிடுகிறது. இயந்திரப் பாகங்களில் இதைவிட மோசமான குணம் இல்லை.

பந்தய வண்டிகளின் ஹப்பில் இதற்கு ஓர் அழகான தீர்வு உண்டு. வலமரைக்கு வெளியே, சற்றுச் சிறிய விட்டத்தில் இன்னொரு மரை வெட்டப்பட்டிருக்கும். அது இடமரை. அதில் ஒரு லாக் ரிங் திருகப்படுகிறது. பற்சக்கரம் கழல முயன்று இடமாகத் திரும்பி வெளிப்பக்கம் நகர்ந்தால் லாக் ரிங்கை உரசி அதையும் இடமாகத் திருப்பப் பார்க்கும். இடமரைக்கு இடமாகத் திருப்புவது என்றால் இறுக்குவது அல்லவா? கழல முயல்வதே கழலாமல் பூட்டிவிடுகிறது. (உங்கள் சைக்கிளின் இடப்பெடல் கட்டையும் இடமரை கொண்டதே. அதன் காரணம் வேறு, சற்று நுட்பமானது. பெடலைக் கழற்றப்போய் எதிர்ப்பக்கம் திருகி மரையைக் கெடுத்தவர்கள் ஊருக்குப் பத்துப்பேர் இருப்பார்கள்.)

சில கடைகளில் குறுக்குவழி ஒன்று சொல்வார்கள். பெடல் அச்சு ஓடும் கப்பை இறுக்கும் லாக் ரிங், பெரும்பாலும் ஃப்ரீவீல் மரைக்கு ஒத்துவரும். அதைப் பற்சக்கரத்துக்கு வெளியே போட்டு இறுக்கிவிடலாம் என்பார்கள். மாட்டும், நிற்கவும் நிற்கும். ஆனால் அதுவும் வலமரை. உராய்வு ஒன்றை நம்பியே நிற்கிறது. இரண்டும் சேர்ந்தே கழலும். ஆகவே இடமரை வெட்டிய ஹப் ஒன்றை வாங்குவதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மற்றவை எல்லாம் பழைய இரும்புக்கடையில் கிடைத்தாலும் சரி, இது ஒன்று புதிதாக இருக்கட்டும்.

வாங்கும்முன் இரண்டு அளவுகள் தேவை. நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் பின்ரிம்மில் பெரும்பாலும் 40 போக்ஸ் கம்பித் துளைகள் இருக்கும், முன்ரிம்மில் 32. கடையில் கிடைக்கும் பந்தய ஹப்போ பொதுவாக 36 அல்லது 32 துளை உடையது. துளை எண்ணிக்கை ஒவ்வாவிட்டால் ரிம்மையும் மாற்றவேண்டி வரும். அடுத்தது அகலம். பந்தயப் பின்ஹப்பின் இரு பக்க நட்டுகளுக்கு இடையே 120 மி.மீ. இருக்கும். உங்கள் ஃபிரேமின் பின்கவட்டில் அந்த இடைவெளி எவ்வளவு என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

தாத்தாவின் ஃபிரேம்

சென்னை அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது, 1955-இல் ஆவடியில் எஃகுக் குழாய் ஆலையும், 1960-இல் அம்பத்தூரில் செயின் ஆலையும் வந்தன. அந்தக் காலத்தில் நாடெங்கும் செய்யப்பட்ட கனத்த எஃகு ஃபிரேம்கள் பல இன்றும் நம் கொல்லைகளில் கிடக்கின்றன. அவை நம் வேலைக்கு நல்லவை. காரணம், பின்சக்கர அச்சு உட்காரும் வெட்டு. கியர் சைக்கிள்களில் அந்த வெட்டு செங்குத்தாக இருக்கும். அச்சை முன்னும் பின்னும் நகர்த்த இயலாது. பழைய ஃபிரேமில் வெட்டு படுக்கைவாக்கில் நீண்டிருக்கும். செயினின் தொய்வை எடுக்க நமக்கு வேறு வழியே இல்லை என்பதால் இந்த வெட்டு இன்றியமையாதது.

எவ்வளவு நீளம் போதும்? செயினில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள தொலைவு 12.7 மி.மீ. செயினைக் குறைக்கவேண்டுமானால் இரண்டு கண்ணிகளாகத்தான் எடுக்கமுடியும், அதாவது 25.4 மி.மீ. செயின் மேலும் கீழுமாக இரண்டு வரிசையாக ஓடுவதால் அச்சு அதில் பாதி, 12.7 மி.மீ. நகரவேண்டும். பின்னால் ஒரு பல் கூட்டினால்? செயின் அச்சக்கரத்தின் பாதியைத்தான் சுற்றுகிறது; ஆகவே கூடுதலாக விழுங்குவது அரைப் பல், 6.35 மி.மீ.; அச்சு நகர்வது அதிலும் பாதி, சுமார் 3.2 மி.மீ. ஆக வெட்டில் 2 செ.மீ. பயனுள்ள நீளம் இருந்தால் எந்தப் பல் கணக்கையும் சமாளித்துவிடலாம்.

அடுத்தது விரிசல். நான்கு குடம் தண்ணீர் சுமந்து மேடு பள்ளத்தில் விழுந்து எழுந்த ஃபிரேம் அல்லவா? விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. மண்ணெண்ணெயும் சாக்பீஸும் போதும். குழாய்கள் கூடும் இடங்களிலுள்ள துருவையும் அழுக்கையும் நீக்குங்கள். துணியில் மண்ணெண்ணெய் நனைத்துப் பூசிக் கால்மணி நேரம் விடுங்கள். பிறகு உலர்ந்த துணியால் ஒட்டத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளை மெல்லியதாகத் தடவுங்கள். விரிசல் இருந்தால் நுண்புழை விளைவினால் உள்ளே ஏறியிருந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெண்தூளின்மேல் ஈரக்கோடாக எழுந்து நிற்கும். எங்கள் மாணவனின் வண்டியில் ஃபிரேமில் கோடு எதுவும் விழவில்லை. முன் போர்க்கின் கழுத்தில், ஹேண்டில்பார் தண்டு இறங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, விரற்கடை நீளத்துக்கு விழுந்தது! கண்மாய்க்கரையில் மரை கழலாமல் இருந்திருந்தால் என்றோ ஒருநாள் இது ஒடிந்திருக்கும். தாத்தாவின் ஃபிரேமை வைத்துக்கொண்டான், போர்க்கை மாற்றினான்.

அரசு தந்த விலையில்லாச் சைக்கிளைப் பிரித்து இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம். அது உங்களைப் பள்ளிக்குக் கொண்டு சேர்க்கும் வண்டி.

ஆடிக் காற்றும் பல் கணக்கும்

நிலைப்பல் சைக்கிளில் கியர் ஒன்றே ஒன்றுதான். மேட்டுக்கும் அதுவே, இறக்கத்துக்கும் அதுவே. நம் கரிசல் சீமையில் மேடு பள்ளம் அதிகமில்லை; ஆனால் காற்று இருக்கிறது. கயத்தாற்றில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பது சும்மா அல்ல. ஆடி மாதத்தில் கோவில்பட்டியிலிருந்து மேற்கே கழுகுமலைக்கு சைக்கிள் மிதித்தவர்களைக் கேட்டால், இருபது கிலோமீட்டரும் ஒரே ஏற்றம் என்பார்கள். திரும்பி வரும்போது அதே சாலை ஒரே இறக்கம்.

இதை எண்ணால் பார்ப்போம். காற்றின் எதிர்ப்பு விசை சார்புத் திசைவேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். மேற்கிலிருந்து விநாடிக்கு 6 மீட்டர் காற்று வீசுகிறது. நீங்கள் எதிரே விநாடிக்கு 4 மீட்டர் போகிறீர்கள். காற்று உங்களுக்கு 10 மீட்டர் வேகத்தில் வருகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்கு எதிர்ப்பு சுமார் 35 நியூட்டன். டயரின் உருள் உராய்வு ஐந்தாறு நியூட்டன். கூட்டினால் 40. இதை விநாடிக்கு 4 மீட்டர் என்ற வேகத்தால் பெருக்க 160 வாட். பள்ளி மாணவன் நெடுநேரம் தாங்கக்கூடியது அல்ல. திரும்பும்போது அதே காற்றில் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வருகிறீர்கள் என்று கொள்ளுங்கள். சார்புத் திசைவேகம் 2 தான். காற்றெதிர்ப்பு ஒன்றரை நியூட்டன்கூட இல்லை.

28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.23 மீட்டர். 44-க்கு 18 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 44/18 சுற்று, வண்டி 5.45 மீட்டர் நகரும். எதிர்க்காற்றில் நிமிடத்துக்கு 240 மீட்டர் போக 44 சுற்று. பின்காற்றில் 480 மீட்டருக்கு 88 சுற்று. போகும்போது தொடை வலிக்க மெதுவாகவும், வரும்போது நிறுத்தமுடியாமல் வேகமாகவும் கால் சுற்றுகிறது. பின்பல்லை 20 ஆக்கினால் போகும் சிரமம் பத்தில் ஒரு பங்கு குறையும்; ஆனால் வரும்போது நிமிடத்துக்கு 98 சுற்று. பழகாத காலுக்கு அது கடினம். சீட்டின்மேல் உடம்பு குதிக்கத் தொடங்கிவிடும். 16 ஆக்கினால் வருவது சுகம், ஆடியில் போவது நடவாத காரியம். என் அபிப்பிராயத்தில் நம் பகுதிக்கு 44-க்கு 18 அல்லது 19 சரி. வாடகைச் சைக்கிள் காலத்துக் கனவண்டிகளில் இதையொட்டிய கணக்கே இருந்தது தற்செயல் அன்று. அவை இதே வெயிலில் இதே காற்றில் ஓடித் தேர்ந்தவை.

நிலைப்பல் வண்டியில் சக்கரமே பெடலைத் தள்ளிவிடுவதால் மிதிப்பது இலேசு, ஆற்றல் மிச்சம் என்று சொல்பவர்கள் உண்டு. பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது கால் தடுமாறாமல் தாண்டிப்போவது உண்மை. ஆற்றல் மிச்சம் என்பது பொய். காலைத் தள்ளும் ஆற்றலும் நீங்கள் மிதித்துக் கொடுத்ததே.

பல் எண்ணிக்கையில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. பின்னோக்கி அழுத்தும்போது கால் எப்போதும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் பலமாக அழுத்தும். அந்த நேரம் தரையில் உரசும் டயர்ப் பகுதி தேய்கிறது. 48-க்கு 16 என்று வைத்தால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் சரியாக 3 சுற்று. ஒவ்வொரு முறையும் டயரின் அதே இடமே தரைக்கு வரும். மற்ற இடம் புதிதாக இருக்க அந்த ஓரிடத்தில் மட்டும் நூல் தெரிந்துவிடும். 44-க்கு 18 ஐ மீப்பெரு பொதுவகுத்தியால் சுருக்கினால் 22/9. தேய்வு 9 இடங்களில் பரவும். 44-க்கு 19 சுருங்காது. 19 இடங்களில் பரவும். ஆறாம் வகுப்பில் படித்த கணக்கு டயர்ச் செலவைக் குறைக்கிறது!

செயின் எடுக்கும்போது அகலத்தைக் கவனியுங்கள். நம் ஊர்ச் சாதாரணச் செயின் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அகலமுள்ள பல்லுக்கானது. கியர் வண்டிச் செயின் அதைவிட ஒடுக்கம்; தடித்த பல்லில் உட்காராது. முன்தட்டும் பின்பல்லும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று நேரான சட்டம் ஒன்றை இரண்டின் பக்கத்திலும் ஒட்டவைத்துப் பாருங்கள். 1 மி.மீ. விலகல் பாதகமில்லை. அதற்குமேல் என்றால் வாஷர் வைத்துச் சரிசெய்யவேண்டும். சாதாரண வண்டியில் செயின் கழன்றால் கை கறுப்பாகும், அவ்வளவுதான். இதில் கழன்ற செயின் சுற்றிக்கொண்டிருக்கும் பல்லுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே சிக்கிச் சக்கரத்தைப் பூட்டிவிடும்.

கிராங்கை அச்சோடு பிடிக்கும் காட்டர் பின்னையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சாதாரண வண்டியில் அதன் ஒரு முகத்தின்மேல்தான் எப்போதும் அழுத்தம். நிலைப்பல்லில் மிதிக்கும்போது ஒரு முகம், தடுக்கும்போது மறுமுகம். தலைமயிர் அளவு ஆட்டம் இருந்தாலும் நாளுக்கு ஆயிரம் முறை சுத்தியல் அடி விழுவதுபோல் ஆகி ஒரு மாதத்தில் துளை நீள்வட்டமாகிவிடும். புதுப் பின் போட்டு, அடித்து இறக்கி, ஒரு வாரம் ஓட்டியபின் மறுபடி இறுக்குங்கள்.

பிரேக் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். ஓடுதளத்தில் ஆடு வராது, பேருந்து வராது. எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள்.

காலால் தடுக்கும்போது தரையில் எவ்வளவு விசை கிடைக்கிறது? பெடலில் சராசரியாக 200 நியூட்டன் கொடுத்தால், அதாவது 20 கிலோ எடை அளவுக்கு அழுத்தினால், டயரில் கிடைப்பது 200 × (17/35.5) × (18/44), சுமார் 39 நியூட்டன். வண்டியும் ஆளுமாக 70 கிலோ. வேக இறக்கம் 39/70, விநாடிக்கு விநாடி 0.56 மீட்டர். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு 5.6 மீட்டரில், வந்தால் நிற்க எடுக்கும் தொலைவு சுமார் 28 மீட்டர்! முன்னே போவதற்கு வேகத்தைத் தரும் அதே பல் விகிதம், நிறுத்தும்போது காலின் பலத்தை ஐந்தில் ஒன்றாக்கிவிடுகிறது. பயிற்சி உள்ளவர்கள் பின்சக்கரத்தையே பூட்டி வழுக்கி நிறுத்துவார்கள். அப்போதும் ஒரு வரம்பு உண்டு. வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்குச் சாய்வதால் பின்சக்கரத்தின் பிடி குறைகிறது. தார்ச்சாலையில் உராய்வுக் கெழு 0.7 என்று கொண்டு கணக்கிட்டால் விநாடிக்கு விநாடி 2.3 மீட்டர்தான் கிடைக்கும். நிற்க ஏழு மீட்டர் ஆகும். முன்பிரேக்கோ, எடை தன் பக்கம் சாய்வதால் இன்னும் நன்றாகப் பிடிக்கிறது. மிதமாகப் பிடித்தாலே விநாடிக்கு விநாடி 4 மீட்டர்; நான்கு மீட்டரில் நின்றுவிடலாம்.

எனவே தாத்தா வண்டியின் முன் ராடு பிரேக்கை விட்டுவைத்து, ரப்பரை மட்டும் புதிதாக மாற்றுங்கள். அது ரிம்மின் உட்புறத்தைப் பிடிப்பது என்பதை மறவாதீர்கள். பக்கவாட்டில் பிடிக்கும் பிரேக் போட ஆசைப்பட்டால், பக்கம் தட்டையான ரிம்மும் சேர்த்து வாங்கவேண்டும். உருண்ட பழைய ரிம்மில் அது வழுக்கும்.

வளைவில் வேறோர் அபாயம். சாதாரண வண்டியில் வளையும்போது உட்பக்கப் பெடலை மேலே தூக்கிவைத்துக்கொள்கிறோம். இங்கே அது சுற்றிக்கொண்டே இருக்கும். பெடல் அடியில் வரும்போது அதன் வெளிமுனை தரையிலிருந்து 10.5 செ.மீ. உயரத்திலும், வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 22 செ.மீ. தள்ளியும் இருந்தால், 25 டிகிரி சாய்ந்ததும் தரையைத் தட்டும். சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட், திசைவேகத்தின் இருமடியை வளைவின் ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் வருவது என்பது உங்கள் பாடத்தில் உள்ளதே. 8 மீட்டர் ஆரமுள்ள தெருமுனையில் மணிக்கு 22 கி.மீ. வந்தால் போதும், பெடல் தட்டிப் பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும். கிராங்க் பொறுக்கும்போது அரை செ.மீ. குட்டையானதை எடுங்கள். உங்கள் வண்டியில் அந்த இரு அளவுகளையும் நீங்களே அளந்து, உங்களுக்குரிய வேகத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

முள், சேறு, விரல்

பந்தய வண்டிக்கு மெல்லிய டயர் அழகு. நம் ஊரில் நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் அதை அரைநாள்கூட விட்டுவைக்காது. ஒன்றரை அங்குலத் தடித்த டயரே போடுங்கள். உருள் உராய்வு கொஞ்சம் கூடினாலும் பஞ்சர் ஒட்டும் நேரம் மிச்சம்.

மழைக்காலத்தில் மட்கார்டைப் பற்றி யோசிக்கவேண்டும். கரிசல் மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் நிறைந்திருக்கிறது. தாள் அடுக்குப்போன்ற அதன் படலங்களுக்கு இடையே நீர் புகுந்து மண் உப்புகிறது, பசைபோல் ஒட்டுகிறது. ஈரக் கரிசலில் நூறு அடி உருட்டினால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அப்பிச் சக்கரம் இறுகிவிடும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கும் விவசாயியைப் பார்க்காதவர் நம்மில் யார்? நிலைப்பல் வண்டியில் சக்கரம் இறுகினால் ஓடுகிற கால் அப்படியே நின்றுபோகும். மட்கார்டைக் கழற்றிவிடுங்கள், அல்லது இரண்டு விரல் இடைவெளி விட்டு மாட்டுங்கள். செயின் கார்டை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள். பேண்ட்டின் ஓரமோ தாவணி முனையோ செயினில் மாட்டினால் சாதாரண வண்டியில் பெடலை நிறுத்திப் பின்னால் சுற்றி எடுத்துவிடலாம். இங்கே வண்டி நிற்கும்வரை அது உள்ளே இழுத்துக்கொண்டே போகும். ஸ்டாண்டில் சக்கரம் சுற்றும்போது துணி வைத்துச் செயினைத் துடைப்பது இதைவிடக் கொடியது. சக்கரத்தின் சுழல் ஆற்றல் முழுவதும் விரல்மேல் இறங்கும். எண்ணெய் விடுவதானாலும் தொய்வு பார்ப்பதானாலும் சக்கரம் முற்றும் நின்றபிறகே கை வைக்கவேண்டும். தொய்வு, கீழ்வரிசையின் நடுவில் மேலும் கீழுமாக ஒரு செ.மீ. இருந்தால் சரி.

எங்கள் மாணவனின் வண்டி இப்போது இடமரை ஹப்புடன், வேறு போர்க்குடன், தாத்தா காலத்து ராடு பிரேக்குடன் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்ற மாதம் அவன் ஒரு புதுப் பயன் கண்டுபிடித்தான். பெடலும் சக்கரமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாததால் பெடல் சுற்றுகளை எண்ணினால் தூரம் துல்லியமாகக் கிடைக்கிறது. சாதாரணச் சைக்கிளில் இது இயலாது. மிதிக்காமல் உருளும் தூரம் கணக்கில் வராது. நீங்களும் செய்து பார்க்கலாம். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியில் ஏறி அமர்ந்து, சக்கரம் பத்துச் சுற்றுப் போகும் நீளத்தை அளவு நாடாவால் அளந்துகொள்ளுங்கள். ஆள் உட்கார்ந்தால் டயர் சற்று அமுங்குவதால் 22.3 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவே வரும். அந்த எண்ணை வைத்துப் பெடல் ஒரு சுற்றுக்குரிய தூரத்தைக் கணக்கிடுங்கள். கழுகுமலையில் மலையைச் சுற்றிவரும் பாதையில் அவன் ஒரு சுற்று வந்து எண்ணினான். மறுநாள் எதிர்த்திசையில் சுற்றி எண்ணினான். இரண்டு எண்ணிக்கைக்கும் வித்தியாசம் மூன்று பெடல் சுற்று. அந்த மூன்று சுற்று எங்கே போயிற்று என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். வளைவின் உட்புறமாகவும் வெளிப்புறமாகவும் ஓட்டியதாலா, இரண்டாம் நாள் டயரில் காற்று குறைந்திருந்ததாலா என்பதை எப்படிப் பிரித்தறியலாம் என்று நீங்களும் யோசித்துப் பாருங்கள்.